ஃபெட் கேமரா, 1930கள் கார்கிவ் தயாரிப்பு: ஆறு மாசம், ஆறு ரோல் ஓட்டின பிறகு

ஃபிலிம் கேமரா வச்சிருக்கறவங்களுக்கு ஃபெட்ங்கற பேர் புதுசு இல்ல. நிறைய பேர் கையில இருக்கறது ஃபெட் 2, ஃபெட் 3, இல்லன்னா கடைசியா வந்த ஃபெட் 5. அதெல்லாம் லட்சக்கணக்குல செஞ்சது, இன்னமும் சல்லிசா கிடைக்குது. நான் சொல்ல வந்தது அதுங்களப் பத்தி இல்ல. முதல் மாடல், ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி உக்ரைன்ல கார்கிவ்ங்கற ஊர்ல செஞ்சது, மேல்தகட்டுல ரஷ்ய எழுத்துல நாலு வரி வெட்டியிருக்கும், அந்த நாலு வரிக்காகத்தான் நான் இதை வாங்கினேன், படம் எடுக்கறது ரெண்டாவது காரணம்தான்.

முதல் வரி, ஃபெட். அது ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கிங்கற ஆளோட முதல் எழுத்துகள் (ரஷ்யன்ல அந்தக் கடைசிப் பேர் ‘ட்’ல தொடங்கும்). 1917 டிசம்பர்ல ஆரம்பிச்ச செக்கா, அதாவது சோவியத்தோட முதல் ரகசிய போலீஸ், அதோட தலைவர். மத்த வரிகள் என்ன சொல்லுதுன்னா, உக்ரைன் சோவியத் குடியரசின் என்.கே.வி.டி.யைச் சேர்ந்த, ஜெர்ஜின்ஸ்கி பெயரிலான உழைப்புக் கம்யூன், கார்கிவ். என்.கே.வி.டி.ங்கறது செக்காவுக்கு அப்புறம் ரகசிய போலீஸையும் சேர்த்து வச்சிருந்த உள்துறை இலாகா. உழைப்புக் கம்யூன்ங்கறது சேர்ந்து தங்கி வேலை பார்க்கற கூட்டு இல்லம், ரஷ்யன்ல ட்ருட்கொம்யூனான்னு இருக்கும். ஒரு கேமராவோட நெத்தியில போலீஸ் இலாகா பேர் இருக்கறதை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. நான் சட்டம் படிச்சவன், சோவியத் தண்டனைச் சட்டத்துல சிறை உழைப்பு எப்படி நியாயப்படுத்தப்பட்டுச்சுங்கறதைத்தான் ஆய்வுக்கு எடுத்தேன், வருஷக்கணக்கா சட்டப்பிரிவும் ஆணையுமா படிச்சு படிச்சு ஒரு கட்டத்துல அந்தச் சட்டத்துல இருந்து வெளிய வந்த ஒரு பொருளையாவது கையில தொட்டுப் பார்க்கணும்னு ஆயிடுச்சு.

முதல் தடவை ஏமாந்தேன், அதைச் சொல்லிடறேன். ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர் போருக்கு முந்தின லைக்கா, அதாவது ஜெர்மன் கேமரான்னு சொல்லி வித்தாரு, பித்தளை கலர்ல, கழுகுச் சின்னமெல்லாம் போட்டு. கைக்கு வந்ததும் மேல்தகட்டை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா பழைய எழுத்தைத் தேய்ச்ச பள்ளம் தெரியுது. அதுவும் ஒரு ஃபெட்தான், யாரோ அந்த நாலு வரியையும் அரத்தால அழிச்சுட்டு லைக்கான்னு வெட்டியிருக்காங்க. இந்த மாதிரி போலி உலகம் பூரா சுத்துது, ஜாக்கிரதையா இருங்க. திருப்பி அனுப்பி பணம் வாங்க ரெண்டு மாசம் அலைஞ்சேன். பணம் போனதை விட எனக்கு கஷ்டமா இருந்தது அந்த எழுத்தைத் தேய்ச்சதுதான், செஞ்சவன் பேரை அழிச்சுட்டு வேற யார் பேரையோ போட்டு வித்திருக்கானேன்னு ரெண்டு நாள் மனசே ஆறல. அப்புறம் கார்கிவ்லயே இருக்கற ஒரு பழைய கேமரா வியாபாரிகிட்ட இருந்து இதை வாங்கினேன், ஒழுங்கா பேக் பண்ணி அனுப்பினாரு, ஷட்டர் துணி காய்ஞ்சிருக்கு, மாத்த வேண்டி வரும்னு முன்கூட்டியே சொல்லிட்டாரு. அவர்மேல ஒரு குறையும் இல்ல.

சரி, கேமராவுக்கு வருவோம். இது 1932ல ஜெர்மனில வந்த லைக்கா 2வோட நகல், ஒளிவுமறைவே இல்லாத நகல். ஒரு லைக்காவை அக்கக்கா பிரிச்சு ஒவ்வொரு பாகமா அளந்து வரைஞ்சு செஞ்சது. கைக்கு அடக்கமா, ஓரம் உருண்டையா, சட்டைப்பைக்குள்ள போற சைஸ். லென்ஸ் 50 மில்லிமீட்டர் 3.5, உள்ள தள்ளிக்கற டைப். இழுத்து திருகி பூட்ட மறந்துட்டீங்கன்னா படம் பூரா மங்கல், எனக்கு முதல் ரோல்ல நாலு படம் அப்படித்தான் போச்சு.

ஃபிலிம் போடறது பொறுமையைச் சோதிக்கும். பின்கதவு கிடையாது, அடித்தகட்டைக் கழட்டி கீழ இருந்து சொருகணும், அதுக்கு ஃபிலிமோட முன்நாக்கை பத்து சென்டிமீட்டருக்கு மேல நீளமா கத்தரிச்சு ஒல்லியாக்கணும், இல்லன்னா உள்ள ஷட்டர்ல சிக்கிக் கிழிஞ்சு துண்டு உள்ளயே தங்கிடும். நான் ஒரு அட்டையில அளவு வெட்டி வச்சிருக்கேன், அதை வச்சு கத்தரிச்சா ரெண்டு நிமிஷம்.

ஷட்டர் ஸ்பீடு 20ல இருந்து 500 வரைக்கும், அதாவது செகண்டுல இருபதுல ஒரு பங்குல இருந்து ஐநூறுல ஒரு பங்கு வரைக்கும், அப்புறம் பட்டனை அழுத்திப் பிடிச்சிருக்கற வரைக்கும் திறந்திருக்கற இசட். முதல்ல வைண்ட் பண்ணணும், அதுக்கப்புறம்தான் டயலைத் தூக்கி ஸ்பீடு வைக்கணும், முன்னாடியே வச்சா டயல் காட்டறது சரியா இருக்காது. எடுக்கும்போது டயல் சுத்தும், விரல் படக்கூடாது. அப்பர்ச்சர் எண்களும் பழைய கணக்கு, 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18. இன்னிக்கு இருக்கற மீட்டர்ல 8ன்னு காட்டினா 6.3க்கும் 9க்கும் நடுவுல குத்துமதிப்பா வச்சுக்கங்க. தூரம் பார்த்து ஃபோகஸ் பண்ற ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஒரு ஜன்னல், ஃப்ரேம் பார்க்க இன்னொரு ஜன்னல், ரெண்டும் சின்ன ஓட்டை, கண்ணாடி போட்டவங்களுக்கு ரொம்ப சிரமம். லென்ஸுக்கு கோட்டிங் கிடையாது, வெயில் பக்கவாட்டுல இருந்து அடிச்சா கருப்பு எல்லாம் சாம்பல் ஆயிடும், ஒரு ஹுட் போட்டா பாதி சரியாகுது. வெயிலைப் பார்த்து லென்ஸைத் திறந்து வைக்கவே வைக்காதீங்க, துணி ஷட்டர், சூரியன் அதுல ஓட்டை போட்டுடும். ஆனா மேகமூட்டமான நாள்ல, 9ல வச்சு, ஆளு மூணு நாலு மீட்டர் தள்ளி நின்னா வர்ற படம் இருக்கே, முகத்துல ஒரு மென்மை, நடுவுல நல்ல கூர்மை, ஓரம் லேசா கரைஞ்சு போகும். அந்த ஒரு விஷயத்துக்கு நான் முழு மார்க் போடறேன்.

இப்ப யார் செஞ்சாங்கங்கறதுக்கு வரேன், இதைச் சொல்லாம இந்த ரிவியூ எழுதி பிரயோஜனம் இல்ல.

முதல் உலகப் போர், உள்நாட்டுப் போர், 1921 பஞ்சம், எல்லாம் முடிஞ்சப்ப சோவியத் முழுக்க தெருவுல பல லட்சம் பிள்ளைங்க அனாதையா அலைஞ்சாங்க. பெஸ்ப்ரிஸோர்னிகின்னு பேரு, கவனிக்க ஆள் இல்லாதவங்கன்னு அர்த்தம். ரயில் அடியில படுத்துக்கிட்டு ஊர் ஊரா போறது, பிக்பாக்கெட், கொள்ளை, எல்லாமே. இவங்களை என்ன பண்றதுங்கறதுல புரட்சி அரசாங்கம் ஆரம்பத்துல எடுத்த முடிவு அந்தக் காலத்துக்கு ரொம்பப் பெருசு: 1918 ஜனவரி 14ல ஒரு ஆணை, 17 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு கோர்ட்டும் கிடையாது, சிறையும் கிடையாது, ஒரு கமிஷன் விசாரிச்சு படிப்போ பராமரிப்போ ஏற்பாடு பண்ணும். அந்த ஆணையை முதல் தடவை படிச்சப்ப நான் எழுந்து நின்னுட்டேன், நிஜமாவே.

அந்தோன் மகரென்கோ, 1888ல பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். 1920ல உக்ரைன்ல பொல்தாவா பக்கத்துல இந்த மாதிரி பசங்களுக்கு ஒரு காலனி நடத்த ஆரம்பிச்சாரு. பசங்களோட பழைய குற்ற ஃபைலைப் படிக்கறதில்லன்னு வச்சுக்கிட்டாரு, நேத்து என்ன செஞ்சேங்கறது எனக்கு வேண்டாம்ங்கற மாதிரி. புனிதர் ஒண்ணும் இல்ல, ஆரம்பத்துல ஒரு பையனை கைநீட்டி அடிச்சதை அவரே எழுதியிருக்காரு, அவரோட ராணுவ ஒழுங்கை, தண்டனை முறையை 1928ல லெனினோட மனைவி க்ரூப்ஸ்கயாவே பொதுமேடையில கண்டிச்சாங்க. அந்தக் கண்டனத்துல நியாயம் இருக்குன்னுதான் நானும் நினைக்கறேன். அந்த வருஷமே அவர் அந்தக் காலனியை விட்டுட்டு முழுசா கார்கிவ் கம்யூனுக்கு வந்துட்டாரு.

அந்தக் கம்யூன்தான் என் கேமராவோட மேல்தகட்டுல இருக்கறது. 1927 டிசம்பர் கடைசியில திறந்தது. 1926ல செத்துப்போன ஜெர்ஜின்ஸ்கிக்கு நினைவுச்சின்னமா, உக்ரைன் ரகசிய போலீஸ்காரங்க தங்களோட சம்பளத்துல பிடிச்ச பணத்துல கட்டின கட்டடம். சிலை வைக்காம பசங்களுக்கு வீடு கட்டினாங்க. சுத்திலும் வேலி கிடையாது, காவல் கிடையாது. பசங்களும் பொண்ணுங்களும் சின்னச் சின்னக் குழுவா பிரிஞ்சு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கமாண்டர், எல்லா கமாண்டர்களும் சேர்ந்த கவுன்சில்தான் தினசரி விஷயத்தை முடிவு பண்ணும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பட்டறை, அஞ்சு மணி நேரம் படிப்பு. 1930ல உயர்படிப்புக்குத் தயார் பண்ற தொழிலாளர் கல்விப் பிரிவே உள்ள வந்துடுச்சு. வேலைக்கு சம்பளம் உண்டு. ஆரம்பத்துல மரவேலை, தையல், சின்ன உலோக வேலை. அப்புறம் 1932ல வெளிநாட்டு டிரில்லைப் பார்த்து எலக்ட்ரிக் டிரில் செய்யற தொழிற்சாலை, அதுவரைக்கும் சோவியத் அதை இறக்குமதி பண்ணிட்டு இருந்தது. அதே வருஷம் அக்டோபர்ல மூணே மூணு கேமரா, சோதனைக்கு. 1934ல இருந்து வரிசையா தயாரிப்பு.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். நேத்து வரைக்கும் ரயில்வே ஸ்டேஷன்ல பர்ஸ் அடிச்ச விரல் இன்னிக்கு மைக்ரான் கணக்குல லென்ஸ் தேய்க்குது. விரல்ல இருந்த சாமர்த்தியம் அதேதான், அதுக்கு ஒரு வேலையும் ஒரு சாப்பாடும் ஒரு பேரும் கிடைச்சுது, அவ்வளவுதான். சிறை சீர்திருத்தம்னு உலகத்துல எழுதின காகிதம் எல்லாம் ஒரு பக்கம், இந்தக் கேமரா ஒரு பக்கம்னு வச்சா நான் இதைத்தான் எடுப்பேன்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தேன்.

ஆனா அதே 1932, 1933ல கார்கிவ் தெருவுல என்ன நடந்ததுன்னு பாருங்க. தானியத்தை அரசாங்கம் பிடுங்கி உண்டாக்கின பஞ்சத்துல உக்ரைன்ல முப்பது லட்சத்துக்கும் மேல ஜனங்க செத்தாங்க. கிராமத்துல இருந்து கார்கிவுக்கு நடந்து வந்து நடைபாதையிலயே விழுந்து செத்தவங்களை ஆஸ்திரியாக்காரர் ஒருத்தர், அலெக்ஸாண்டர் வீனர்பெர்கர், அங்க தொழிற்சாலையில வேலை பார்த்துட்டு இருந்த இன்ஜினியர், ரகசியமா படம் எடுத்தாரு. அவர் வச்சிருந்தது லைக்கா. கம்யூன் பசங்க நகல் எடுத்துட்டு இருந்ததும் லைக்கா. ஒரே ஊர், ஒரே சமயம். இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு இந்தக் கேமராவை அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன், மூணு வாரம் தொடல. ஏன்னா அந்த ஜனங்க ஊரை விட்டு வரக்கூடாதுன்னு மறிச்சதும் கம்யூனுக்கு புரவலரா இருந்த அதே போலீஸ் இலாகாதான்.

சட்டத்துல என்ன இருந்தது? 1924 அக்டோபர்ல ரஷ்யக் குடியரசு ஒரு சட்டத் தொகுப்பு போட்டுச்சு, திருத்த உழைப்புச் சட்டம். சிறைங்கற வார்த்தையையே கூடிய மட்டும் தவிர்த்து எழுதினது. தண்டனைங்கறது துன்புறுத்தறதுக்கு இல்ல, உழைப்பு மூலமா ஆளைச் சமூகத்துக்குத் திருப்பிக் கொண்டு வரணும்ங்கறதுதான் அடிப்படை. ரெண்டு நாள் வேலை பார்த்தா தண்டனையில மூணு நாள் கழியும்னு ஒரு ஏற்பாடு, ஸச்சோத்தின்னு சொல்லுவாங்க, நாள் வரவு வைக்கறது. படிச்சா இதை விட நல்ல சட்டம் வேணுமான்னு தோணும். ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1923ல, வெள்ளைக்கடல் நடுவுல சோலோவெட்ஸ்கி தீவு மடத்துல ரகசிய போலீஸ் தன்னோட முகாமை ஆரம்பிச்சாச்சு, அதுக்கு இந்தச் சட்டம் பொருந்தல. அப்புறம் 1929 ஜூலை 11ல மந்திரிசபை ஆணை, மூணு வருஷமும் அதுக்கு மேலயும் தண்டனை வாங்கினவங்களை எல்லாம் ரகசிய போலீஸோட திருத்த உழைப்பு முகாமுக்கு அனுப்பணும்னு. காரணமும் அந்த ஆணையிலயே இருக்கு, தூரமான இடங்கள்ல குடியேத்தணும், அங்க இருக்கற இயற்கை வளத்தை எடுக்கணும். திருத்தறது பேர்ல இருந்துச்சு, கணக்கு மரத்துலயும் தங்கத்துலயும் போச்சு. 1930ல அந்த முகாம்களுக்கெல்லாம் ஒரு தலைமை நிர்வாகம் வந்தது, அதோட சுருக்கப் பேர்தான் குலாக்.

1931ல இருந்து 1933 வரைக்கும் முகாம் கைதிங்களை வச்சு வெட்டினது வெள்ளைக்கடல் கால்வாய். 227 கிலோமீட்டர், இருபது மாசம், மண்வெட்டி, கடப்பாரை, மரத்துல செஞ்ச தள்ளுவண்டி. லட்சத்துக்கும் மேல கைதிங்க. அரசாங்கக் கணக்குலயே பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. முடிஞ்சப்ப பார்த்தா ஆழம் போதல, பெரிய கப்பல் போக முடியல. அங்கயும் கோஷம் அதேதான், பெரெகோவ்கா, பழைய இரும்பை உலையில போட்டு அடிச்சு புதுசா செய்யறதுன்னு அர்த்தம். கைதிங்க பத்திரிகைக்கே அந்தப் பேர்தான். 1933 ஆகஸ்ட்ல நூத்துக்கும் மேல எழுத்தாளர்களைக் கூட்டிட்டுப் போய் காட்டினாங்க. அதே மாசம் ஒண்ணாம் தேதி ரஷ்யக் குடியரசு புது திருத்த உழைப்புச் சட்டமும் போட்டுடுச்சு.

இந்தக் கேமராவை மட்டும் வச்சு சோவியத் சிறை உழைப்பை மெச்சறவங்களும் இருக்காங்க, கால்வாயை மட்டும் வச்சு மகரென்கோவையும் சேர்த்துத் திட்டறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேர்கிட்டயும் நான் சண்டை போட்டிருக்கேன். கம்யூன்ல பையனுக்கு படிப்பு அஞ்சு மணி நேரம், வேலை நாலு மணி நேரம், அந்த ஒரு மணி நேர வித்தியாசம்தான் எல்லாமே. கால்வாய்ல எத்தனை கன மீட்டர் வெட்டினியோ அதுக்குத்தான் ரொட்டி, கம்மியா வெட்டினா கம்மி ரொட்டி, கம்மி ரொட்டியில மறுநாள் இன்னும் கம்மியாத்தான் வெட்ட முடியும், அது எங்க போய் முடியும்னு சொல்லத் தேவையில்ல. கம்யூன்ல வேலை பார்த்தா கைத்தொழில் மிஞ்சும், முகாம்ல வேலை பார்த்தா உயிர் மிஞ்சறதே பெருசு. ரெண்டையும் சட்டம் ஒரே பேர்ல கூப்பிட்டுச்சு, திருத்த உழைப்புன்னு. சட்டத்தோட முதல் பக்கத்துல அழகான வாக்கியம் இருந்தா எனக்கு இப்ப நம்பிக்கை வர்றதில்ல, வேலை நேரம் எத்தனை, கூலி எங்க போகுது, நோய்னா வேலையை மறுக்க முடியுமா, கோர்ட்டு தண்டனையா இல்ல மூணு போலீஸ் அதிகாரி மேசையில உக்காந்து போட்ட தண்டனையா, இதைத்தான் முதல்ல தேடறேன்.

வெளிநாடுகள்லயும் இது அப்பவே பெரிய பேச்சு. 1930ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு எதிரா 29ஆம் எண் உடன்படிக்கை கொண்டு வந்துச்சு. அதுல சிறை உழைப்புக்கு விலக்கு உண்டு, ஆனா கோர்ட்டு தண்டிச்சிருக்கணும், அரசு மேற்பார்வை இருக்கணும், தனியார் கையில ஆளைக் குடுக்கக்கூடாது. அதே வருஷம் அமெரிக்கா கைதி செஞ்ச பொருளை இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு சுங்கச் சட்டத்துல எழுதி, சோவியத் மரம் வந்த கப்பலை எல்லாம் சந்தேகத்தோட பார்க்க ஆரம்பிச்சது. தனியார் கையில ஆளைக் குடுக்கக்கூடாதுங்கற நிபந்தனை முதலாளித்துவ நாட்டுச் சிறைகளை மனசுல வச்சு எழுதினது. அரசாங்கமே முதலாளி, அரசாங்கமே ஜெயிலர், அரசாங்கமே ஆலைச் சொந்தக்காரன்னா அந்த நிபந்தனை யாரைக் காப்பாத்தும்? சோவியத் அந்த உடன்படிக்கையில சேர்ந்தது 1956லதான், ஸ்டாலின் செத்து மூணு வருஷம் கழிச்சு.

பசங்க கதைக்கே வர்றேன். 1935 ஏப்ரல் 7ல புது ஆணை: 12 வயசுல இருந்தே திருட்டு, அடிதடி, கொலைக்கெல்லாம் கிரிமினல் கோர்ட்டு, பெரியவங்களுக்கு உள்ள தண்டனைதான். 1918ல மூடின கதவை பதினேழு வருஷம் கழிச்சு அவங்களே திறந்தாங்க. மே மாசக் கடைசியில இன்னொரு தீர்மானம், பிள்ளைங்களோட உழைப்புக் காலனி எல்லாம் என்.கே.வி.டி. கைக்கு. அந்த வருஷமே மகரென்கோவை கார்கிவ்ல இருந்து கியேவுக்கு, உழைப்புக் காலனி இலாகாவுல அதிகாரியா மாத்திட்டாங்க. 1939 ஏப்ரல் 1ல செத்துப்போனாரு, 51 வயசு. கம்யூனுக்கு புரவலரா இருந்த உக்ரைன் போலீஸ் தலைவர் வ்செவோலோட் பாலித்ஸ்கியை 1937ல சுட்டுட்டாங்க. மாஸ்கோ பக்கத்துல போல்ஷேவோன்னு இதே மாதிரி இன்னொரு கம்யூன், 1924ல ஆரம்பிச்சது, ஸ்கேட்ஸ் டென்னிஸ் மட்டை எல்லாம் செஞ்சாங்க. அதை உருவாக்கின போக்ரெபின்ஸ்கி 1937ல தன்னையே சுட்டுக்கிட்டாரு. திருந்தி, கல்யாணம் கட்டி, பிள்ளைகுட்டியோட அங்கயே வாழ்ந்துட்டு இருந்த பழைய கைதிங்க பல பேரை பழைய குற்றத்தைத் தோண்டி எடுத்து பிடிச்சுட்டுப் போனாங்க. ஃபைலைப் படிக்க மாட்டேன்னு மகரென்கோ சொன்னாரு இல்லையா, அதுக்கு நேர் எதிர். எனக்கு இந்த முழு வரலாத்துலயும் ஆத்திரம் பொங்கற இடம் இதுதான், அவங்களுக்குக் குடுத்த வாக்கை அரசாங்கமே முறிச்சுது.

1939 ஜூன்ல நாள் வரவு ஏற்பாட்டையும் தூக்கிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷமே ஸ்டாலின் பேசியிருந்தாரு, நல்லா வேலை பார்க்கறவங்களை முன்கூட்டியே விடறது முகாம் வேலையைக் கெடுக்குதுன்னு. திருந்தினவனை விடறதுதான் நோக்கம்னா இந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்ல. 1930ல இருந்து 1953 வரைக்கும் முகாம், காலனி வழியா போனவங்க கிட்டத்தட்ட ஒரு கோடியே எண்பது லட்சம் பேர்.

கேமராவுலயும் இந்த மாற்றம் தெரியும், கவனிச்சுப் பாருங்க. 1930கள் கடைசியில மேல்தகட்டுல கம்யூன்ங்கற வார்த்தை போய் கொம்பினாட், அதாவது ஆலைக் கூட்டுன்னு வந்துடும், பசங்க போய் கூலிக்கு வந்த பெரியவங்கதான் பெரும்பாலும். 1941ல ஜெர்மன் படை வந்தப்ப ஆலையைக் கழட்டி நோவோசிபிர்ஸ்க் பக்கம் பெர்ட்ஸ்க்குக் கொண்டு போனாங்க. போருக்கு அப்புறம் செஞ்சதுல வெறும் ஆலை பேர் மட்டும். 1955ல இருந்து வந்த ஃபெட் 2ங்கறது சாதாரணத் தொழிலாளிங்க சம்பளம் வாங்கி செஞ்ச சாதாரணப் பொருள். முகாம் நிர்வாகத்தைக் கலைச்சது 1960ல, 1969ல சோவியத் முழுக்க பொதுவா திருத்த உழைப்புச் சட்டத்தோட அடிப்படைகள்னு ஒண்ணு போட்டாங்க, அதுலயும் கைதி வேலை பார்த்தே ஆகணும்ங்கற கடமை அப்படியே இருந்துச்சு, கூலி உண்டு, காலனி செலவுக்குப் பிடிப்பும் உண்டு. 1920கள்ல படிப்பும் வேலையும் சேர்ந்து இருந்த அந்த நம்பிக்கை அதுல எனக்குத் தட்டுப்படல, உற்பத்தித் திட்டம்தான் தட்டுப்பட்டுச்சு.

என் கேமராவோட ஷட்டர் துணி மாத்த ஒரு பழைய மெக்கானிக்கிட்ட குடுத்தேன். பழைய துணியை டார்ச் அடிச்சுப் பார்த்தா ஊசி ஓட்டை ஓட்டையா வெளிச்சம் வருது, ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கு, தொண்ணூறு வருஷம் ஆச்சே. மேல்தகட்டைக் கழட்டினதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. உள்பக்கம், கியர் தாங்கற தகடு, அடித்தகடு, எல்லாத்துலயும் ஒரே எண்ணைக் கூரான கம்பியால கையால கீறியிருக்கு. அந்தக் காலத்து ஃபெட்ல பாகத்துக்கு பாகம் பொருந்தாது, ஒவ்வொண்ணையும் அரத்தால தேய்ச்சு பொருத்தி, இது இந்தக் கேமராவோடதுன்னு குறிச்சு வைப்பாங்க. லென்ஸும் அப்படித்தான், அந்தந்த உடம்புக்குன்னு சரி பண்ணது, என் லென்ஸை வேற பாடியில போட்டா ஃபோகஸ் தள்ளிப் போகுது. கீறின அந்த எண்ல வர்ற ஏழுக்கு நடுவுல ஒரு குறுக்குக் கோடு, கொஞ்சம் நடுங்கின மாதிரி இருக்கு. பதினாறு வயசுப் பையனா, பொண்ணா, கூலிக்கு வந்த பெரியவரான்னு அதை வச்சு சொல்ல முடியாது, கம்யூன்ல அப்பவே வெளியாட்களும் வேலை பார்த்தாங்க. எனக்கு அது கம்யூன்ல இருந்த யாரோ ஒருத்தரா இருக்கணும்னு ஆசை, அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தப் பையன், பொண்ணு, யாரா இருந்தாலும், 1937லயும் 1941லயும் தப்பிச்சிருக்கணும்னு அதை விடப் பெரிய ஆசை. துணி மாத்தி, ரேஞ்ச்ஃபைண்டர் சரி பண்ணி, எண்ணெய் போட்டுக் குடுத்தாரு, அன்னிக்கு சாயந்திரமே அலமாரிக்குப் போகாம கையோட வெளிய எடுத்துட்டுப் போனேன், அதுக்கப்புறம் பூட்டி வைக்கல.

வாங்கலாமா? தினமும் படம் எடுக்க ஒரு சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் வேணும்னா ஃபெட் 2 வாங்குங்க, பின்கதவு முழுசா கழன்று வரும், ஃபிலிம் போடறது சுலபம், ஃபோகஸும் ஃப்ரேமும் ஒரே ஜன்னல்ல, லென்ஸும் மேல். இந்த முதல் மாடல் அந்த எழுத்துக்காகத் தேடறவங்களுக்கு, பொறுமை உள்ளவங்களுக்கு. வாங்கும்போது எழுத்து ஒரிஜினலான்னு பாருங்க, ஓரம் கூர்மையா ஆழம் ஒரே மாதிரி இருக்கணும், சுத்தியுள்ள தகடு பள்ளமா இருந்தா யாரோ கை வச்சிருக்காங்க. ஷட்டர் மாத்தற செலவையும் சேர்த்து விலை பேசுங்க. தோள்ல மாட்ட வளையம் கிடையாது, தோல் உறையோட கிடைச்சா நல்லது. அப்புறம் ஒண்ணே ஒண்ணு, பழசா மங்கலா இருக்கேன்னு பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க, மேல இருக்கற பூச்சு ரொம்ப மெல்லிசு, கூடவே அந்த நாலு வரியும் தேய்ஞ்சுடும்.